காற்புள்ளிக்கு முன்னால் ஒரு காலி இடம்

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பத்திரிகைக்கான வாசகத்தை இப்போது யாரும் தாளில் எழுதிக் கொண்டுவருவது அபூர்வம். வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதை எடுத்து ஒழுங்குபடுத்தி, புரூஃப் பார்த்து, அச்சுக்கு அனுப்புவது என் வேலை. ஒரே வரி மூன்று வீட்டிலிருந்து மூன்று விதமாக வரும்.

குடும்பத்துடன் வந்திருந்து , மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம் .

குடும்பத்துடன் வந்திருந்து,மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம்.

குடும்பத்துடன் வந்திருந்து ,மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம் !

மூன்றிலும் எழுத்துப் பிழை கிடையாது. ஸ்பேஸ்பாரைத் தட்டிய இடம்தான் வேறு. முதல் வீட்டுக்காரர் காற்புள்ளிக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டிருக்கிறார். இரண்டாமவர் எந்தப் பக்கமும் விடவில்லை. மூன்றாமவர் முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் ஒட்டிவிட்டார்.

“படித்தால் புரிகிறதே, அப்புறம் என்ன?” என்று கேட்பார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. அண்ணன் தம்பிக்கு எழுதுகிற செய்தியில் இதையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் பெயர், பணம், வரி முடிகிற இடம் ஆகிய மூன்றிலும் இந்தச் சின்ன இடைவெளி காரியத்தைக் கெடுத்துவிடும். அதனால் ஒருமுறை சரியாகத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

விதி சின்னதுதான். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி எல்லாம் தமக்கு முன்னால் உள்ள சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குப் பின்னால் ஒரே ஓர் இடைவெளி. அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் ஜோடியாக வருபவை. திறக்கிற குறி அடுத்த சொல்லோடு ஒட்டும். மூடுகிற குறி முந்திய சொல்லோடு ஒட்டும். எண்ணுக்கு உள்ளே வருகிற புள்ளியும் காற்புள்ளியும் இரண்டு பக்கமும் ஒட்டியே இருக்கும்: 9.30, 1,00,000. அவ்வளவுதான்.

இதை மீறுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ஜெர்மன்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். குறிக்கு முன்னால் தேவையில்லாமல் இடம் விடுவது ‘பிளெங்கன்’. பின்னால் விட வேண்டிய இடத்தை விழுங்கிவிடுவது ‘கிளெம்பன்’. ஒழுங்குக்குப் பேர்போன ஊரிலேயே இதைக் கண்டித்துப் பெயர் வைக்கும் அளவுக்குப் பெருகியிருந்தது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஓலையில் எழுதிய காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. சொல்லுக்குச் சொல் இடம் விடமாட்டார்கள். குறிகள் கிடையாது. மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். எழுதியதில் பெரும்பகுதி செய்யுள் என்பதால், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சீரும் எதுகையும் காட்டிக்கொடுத்தன. 1578இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சானது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சகம் வந்தது. இன்று நாம் இடுகிற குறிகள் ஐரோப்பியர்களின் அச்சுப் பழக்கத்தோடு தமிழுக்குள் நுழைந்தவை. 19ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தம் பதிப்புகளிலும் பாடநூல்களிலும் ஒழுங்காகக் கையாண்டு பரவச் செய்தவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் முக்கியமானவர்.

குறிகள் வந்து சேர்ந்தபோது, அவற்றைச் சுற்றி இடம் விடுகிற முறை இன்றைக்கு இருப்பதுபோல இருக்கவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலப் புத்தகங்களிலேயே அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி நான்குக்கும் முன்னால் ஒரு மெல்லிய இடைவெளி விடுவார்கள். ஆங்கிலம் பிறகு அதைக் கைவிட்டது. பிரெஞ்சு கைவிடவில்லை. இன்றும் பிரெஞ்சில் அந்த நான்கு குறிகளுக்கு முன்னால் இடம் விடுவதுதான் முறை. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மட்டும் சொல்லோடு ஒட்டும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, போன நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) அங்கே பார்த்த பிரெஞ்சுக் கடிதங்களும் கோர்ட்டுக் காகிதங்களும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆகவே ‘வருவீர்களா ?’ என்று ஒருவர் எழுதினால், தமிழுக்கு அது பொருந்தாது என்று சொல்லலாம். உலகத்தில் எங்கும் இல்லாத தப்பு என்று சொல்ல முடியாது.

ஈய எழுத்து அச்சில் இன்னொரு காரணம் சேர்ந்தது. அங்கே இடைவெளி என்பது வெறும் காலி இல்லை. அதுவும் ஓர் ஈயத் துண்டு. எழுத்தைவிட உயரம் குறைவாக இருப்பதால் அதில் மை படாது, தாளில் வெள்ளையாகத் தெரியும். வரியின் இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்பதற்காகக் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் சொற்களுக்கு நடுவே மெல்லிய துண்டுகளைச் செருகுவார். அங்கே செருகியும் வரி நிறையவில்லை என்றால் குறிக்கு முன்னாலும் ஒன்று போகும். பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள், ஆச்சரியக்குறியும் அரைப்புள்ளியும் சொல்லைவிட்டு விலகி நிற்பதைப் பார்க்கலாம். அந்தப் பதிப்புத் தொழிலில் ராயவரம் வை. கோவிந்தன், தேவகோட்டை வானதி திருநாவுக்கரசு என்று நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் துண்டறிக்கைகளும் இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே உள்ள ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. அச்சுப் பழக்கம் எப்படி மாறிவந்தது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. (அவர் பிழைப்புக்குச் சைன்போர்டு எழுதியவர். பலகை எழுதுகிறவருக்கு இடைவெளி கண் அளவுதான், விதி ஒன்றும் கிடையாது.)

அப்புறம் டைப்ரைட்டர். டைப் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பரீட்சைக்குப் படித்தவர்களின் விரலை இன்றும் அடையாளம் கண்டுவிடலாம். ஆங்கிலத்தில் காற்புள்ளிக்குப் பின்னால் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்குப் பின்னால் இரண்டு தட்டு என்று அங்கே பழக்கியிருப்பார்கள். டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால், வாக்கியம் முடிந்தது கண்ணில் படுவதற்கு அந்த இரண்டாவது தட்டு உதவியது. கணினி எழுத்துருக்களுக்கு அது தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டே 2020இல் இருந்து இரட்டை இடைவெளியைப் பிழை என்று கோடிட்டுக் காட்டத் தொடங்கிவிட்டது. ஆனாலும் விரல் கேட்பதில்லை. வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் அனுப்புகிற வாசகத்தில் தமிழ் வாக்கியத்துக்குப் பின்னாலும் அந்த இரண்டு தட்டு இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வருவதில்லை, மரியாதைதான் வருகிறது. ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்த பிழை அது.

இன்றைய பிழைகளில் பெரும்பகுதி போனால் வருவது. நாலெழுத்து தட்டியதும் கீபோர்டு மேலே ஒரு சொல்லைக் காட்டும். அதைத் தொட்டால் சொல் உள்ளே போகும். கூடவே ஓர் இடைவெளியும் தானாக விழுந்துவிடும். அதன்பிறகு காற்புள்ளியைத் தொட்டால், சில கீபோர்டுகள் அந்த இடைவெளியை விழுங்கிவிட்டுக் குறியைச் சொல்லோடு ஒட்டவைக்கும். சில அப்படிச் செய்யாது. செய்யாத கீபோர்டு வைத்திருப்பவர் எத்தனை கவனமானவராக இருந்தாலும் ‘வந்திருந்து ,’ என்றுதான் எழுதுவார். குற்றம் அவருடையது இல்லை.

கடைசியாக மூச்சு. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நேரம் நிறுத்த வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். நிறுத்தம் என்று மனதில் பதிந்துவிட்டால், கை இயல்பாக இரண்டு பக்கமும் இடம் விட்டுவிடுகிறது. பேச்சில் நிறுத்தம் அப்படித்தானே இருக்கிறது? ஆனால் எழுத்தில் அந்த நிறுத்தத்தைக் குறியே சொல்லிவிடுகிறது, கூடுதல் இடம் வேண்டாம். நிறுத்தம் உண்மையிலேயே வேலை செய்கிற இடம் இன்னொன்று உண்டு. ‘அரிசியை, பருப்பை, புளியைக் கொண்டுவா’ என்ற வரியில் ‘அரிசியைப் பருப்பை’ என்று ஒற்று மிகவில்லை, கவனித்தீர்களா? காற்புள்ளி விழுந்த இடத்தில் வல்லினம் மிகாது. ‘புளியைக் கொண்டுவா’ என்பதில் குறி இல்லை, அதனால் மிகுந்தது.

எங்கே கெடுக்கும்?

கணினிக்கும் போனுக்கும் இடைவெளி என்றால் ஒரே பொருள்தான்: இங்கே சொல் முடிந்தது, வேண்டுமானால் வரியை இங்கே மடிக்கலாம். ‘வந்திருந்து ,’ என்று எழுதினால், பல செயலிகளில் வரி நிறைந்ததும் காற்புள்ளி தனியாகப் பிரிந்து அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும். கல்யாண வீட்டில் பந்தியைத் தவறவிட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி இருக்கும் அது. உங்கள் போனில் சரியாகத் தெரிந்தது மற்றவர் போனில் உடைந்து தெரிவதும் இதனால்தான். திரையின் அகலம் வேறு, மடியும் இடமும் வேறு.

மேற்கோள்குறியில் வேறு விதமான சேட்டை. வேர்டு போன்ற செயலிகள் குறியைத் தாமாகவே வளைத்துக்கொடுக்கும். எந்தப் பக்கம் வளைப்பது என்பதை முன்னால் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. இருந்தால் திறக்கிற குறி, இல்லாவிட்டால் மூடுகிற குறி. மூடுகிற குறிக்கு முன்னால் நீங்கள் ஓர் இடம் விட்டுவிட்டால் அது திறக்கிற குறியாகத் திரும்பிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் சொல்லைத் தடிமனாக்க இரண்டு பக்கமும் நட்சத்திரக்குறி போடுகிறோமே, அதுவும் இதே கணக்குதான். *முகூர்த்தம்* என்று ஒட்டிப் போட்டால் தடிமனாகும். * முகூர்த்தம் * என்று விட்டுப் போட்டால் நட்சத்திரம் நட்சத்திரமாகவே நிற்கும்.

விட வேண்டிய இடத்தை விடாவிட்டாலும் வம்புதான். முற்றுப்புள்ளியோடு அடுத்த சொல்லை ஒட்டினால், சில செயலிகள் அதை இணைய முகவரி என்று நினைத்து நீல நிறத்தில் இணைப்பாக்கிவிடும். தமிழில் அப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம்; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற இணைய முகவரிகள் இருக்கின்றன.

இதெல்லாம் பார்வைக்குக் கெடுதல், பொறுத்துக்கொள்ளலாம். செட்டிநாட்டில் பொறுக்க முடியாத இடம் விலாசம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே நகரத்தார் வீடுகளில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் மட்டும் இல்லை. பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துத் தொடரையும் அப்படித்தான் சொல்வார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரே ஊரில் நாலு சிதம்பரம் இருப்பார்கள், ஆறு மெய்யப்பன் இருப்பார்கள். எந்த வீட்டுச் சிதம்பரம் என்று சொல்வது விலாசம்தான். பர்மாவிலும் மலேயாவிலும் கடைகள் நடந்ததும் விலாசத்தின் பெயரில்தான்.

இந்த விலாசத்தில் மற்ற ஊர்களில் அதிகம் பார்க்காத ஒரு விசேஷம் உண்டு. பெயரின் முதல் எழுத்து மட்டும் வராது. பல பெயர்களுக்கு இரண்டு எழுத்து வரும். சிதம்பரத்துக்குச் ‘சித.’, சுப்பிரமணியனுக்குச் ‘சுப.’, பழனியப்பனுக்குப் ‘பழ.’, அருணாசலத்துக்கு ‘அரு.’, அழகப்பனுக்கு ‘அழ.’, ராமநாதனுக்கு ‘ராம.’ என்று போகும். இங்கே புள்ளி எந்த எழுத்துக்குப் பின்னால் விழுகிறது என்பதுதான் எல்லாம். மேலைச்சிவபுரியில் பிறந்த தமிழறிஞர் வ.சுப. மாணிக்கம் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வ’ ஒன்று, ‘சுப’ ஒன்று, ஆக இரண்டு பெயர்கள். அதை ‘வ.சு.ப. மாணிக்கம்’ என்று அடித்தால் மூன்று பெயர்களாகிவிடும், ஆளே மாறிவிடுவார். ஆங்கில எழுத்தில் எழுதினாலும் இதே கதைதான். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் நிறுவனர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். நடுவில் வரும் ‘சிடி’ ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து; ஆனால் பெயர் ஒன்று, புள்ளியும் ஒன்று.

இதை அறியாத ஒருவர் கணினியில் ஏற்றும்போது, எழுத்துக்கு எழுத்து ஒரு புள்ளியோ இடைவெளியோ போட்டுவிடுகிறார். ஓர் அட்டையில் ‘சுப.மெய்யம்மை’, இன்னொன்றில் ‘சு ப மெய்யம்மை’, பாஸ்புக்கில் ‘சுப மெய்யம்மை’. ஆச்சி ஒருவர்தான்; ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற கணினிக்கு மூன்று பேர். பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு அலைகிறவர்களில் பலருக்குச் சிக்கல் எழுத்தில் இல்லை, ஒரு புள்ளியிலும் ஓர் இடைவெளியிலும்தான் இருக்கிறது. அதனால் பத்திரிகையில் என்ன அடிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: விலாசத்தின் பகுதிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டாம், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் புள்ளி வையுங்கள், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் பெயர் தொடங்கும் முன் மட்டும் ஓர் இடைவெளி விடுங்கள். ‘ராம.சித. அழகப்பன்’. சில பத்திரிகைகளும் பதிப்பகங்களும் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் இடம் விடுகின்றன. தப்பில்லை. ஆனால் வரி மடியும்போது ‘ராம.’ மேலேயும் ‘சித. அழகப்பன்’ கீழேயும் போய்விடும் ஆபத்து அதில் அதிகம். ஒட்டி அடித்தால் அந்தக் கவலை பாதியாகிறது. பெயருக்கு முன்னால் விடுகிற அந்த ஒரே இடைவெளியும் மடியக் கூடாது என்றால், வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ்பாரைத் தட்டுங்கள். பார்க்க இடைவெளி போலவே இருக்கும், வரி அங்கே உடையாது.

இனி பணம். கணக்கெழுத்தில் இடைவெளி விடுவது ஆபத்து என்பது இந்த ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ரூ.’ என்பதற்கும் எண்ணுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டால், அங்கே ஓர் எண்ணைச் செருகிவிடலாம். 500க்கு முன்னால் ஒன்று போட்டால் 1,500. அதனால் ‘ரூ.500/-’ என்று முன்னும் பின்னும் அடைத்துவிடுகிறோம். அந்தச் சாய்கோடும் சிறு கோடும் இங்கிலாந்துக் காசுக் கணக்கில் இருந்து வந்தவை. பத்து ஷில்லிங், சில்லறைப் பென்னி இல்லை என்பதை அங்கே ‘10/-’ என்று எழுதுவார்கள். ஷில்லிங்குக்குப் போட்ட அந்தக் கோடு நம் ரூபாய்க்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டது. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்து அணா பைசாக் கணக்கு போயிற்று, கோடு மட்டும் இன்னும் போகவில்லை. எண்ணைப் பின்னால் நீட்டவிடாமல் தடுக்கிற வேலை அதற்கு இருக்கும்வரை போகவும் போகாது என்று நினைக்கிறேன்.

பழைய பேரேடுகளில் இடைவெளிக்கு வேலையே இல்லாதபடி இன்னொரு ஏற்பாடு இருந்தது. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று தனித்தனி அடையாளங்கள். ‘வெகுதானிய௵ ஆனி௴ 12௳’ என்று எழுதினால், எது எங்கே முடிகிறது என்பதை அந்த அடையாளமே சொல்லிவிடும். குறியும் அதுதான், இடைவெளியும் அதுதான். பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு. 2003இல் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடின் 4.0 பதிப்பு வந்தபோது இவையும் அதில் சேர்ந்தன. போனில் தேடினால் கிடைக்கும். பத்திரிகையில் ௵ போட வேண்டும் என்று கேட்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இடைவெளி விட்டால்தான் பொருள் விளங்கும் என்ற இடமும் ஒன்று உண்டு, பின்கோடு. காரைக்குடி 630 001 என்று மூன்று மூன்றாகப் பிரித்து எழுதுவது அழகுக்காக இல்லை. 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்தபோதே முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கிற மாவட்டத்துக்கும், அடுத்த மூன்று அந்தந்தத் தபால் நிலையத்துக்கும் என்று பகுத்தார்கள். கானாடுகாத்தானும் 630தான், பின்னால் 103 வரும்.

சரி, எழுதி முடித்த வாசகத்தை எப்படிச் சரிசெய்வது? வேர்டில் கண்ட்ரோல் எச் தட்டினால் தேடி மாற்றுகிற பெட்டி வரும். முதலில் இரட்டை இடைவெளியைத் தேடி ஒற்றை இடைவெளியாக மாற்றுங்கள்; மாற்ற ஒன்றும் இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். அப்புறம் ‘இடைவெளி, காற்புள்ளி’ என்ற ஜோடியைத் தேடி வெறும் காற்புள்ளியாக்குங்கள். முற்றுப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் ஆச்சரியக்குறிக்கும் அதேபோல. இவ்வளவையும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். இந்த வரிசையை மாற்றக் கூடாது; இரட்டை இடைவெளியை ஒழிக்காமல் இரண்டாவதற்குப் போனால் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி மிஞ்சிவிடும்.

குறிக்குப் பின்னால் விடுபட்ட இடத்தைச் சேர்ப்பதை மட்டும் மொத்தமாகச் செய்யவே செய்யாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் எல்லாம் இடைவெளி போடு என்று சொன்னால், முகூர்த்தம் 9. 30 ஆகிவிடும், தேதி 12. 06. 2025 ஆகிவிடும், ராம.சித. என்ற விலாசம் ராம. சித. ஆகிவிடும். காற்புள்ளிக்கு அப்படிச் சொன்னால் 1,00,000 மூன்று துண்டாகும். அதை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டும், வேண்டாம் என்று கையால்தான் தட்ட வேண்டும். ஒரு பத்திரிகைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.